பத்தாம் நம்பர் ஸ்பேனர்

மூன்று நாள் என்றுதான் சொன்னீர், ஜும்பேர்.
மே மாதம் அது.
குத்தாயிசியில், மூடிய தொழிற்சாலைச் சுவரோரம்
உம் தகரக் கொட்டகைக்கு
வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது என் ஓப்பல்.
பானட்டைத் திறந்து, காதைச் சாய்த்து,
"ஹெட் கேஸ்கட்" என்றீர்,
கடன் வாங்கி ஏமாற்றிய உறவுக்காரன்
பெயரைச் சொல்வதுபோல.

நாலாம் நாள் வந்தேன்.
கேஸ்கட் ருஸ்தாவியிலிருந்து வரவில்லை.
பன்னிரண்டாம் நாள் வந்துவிட்டது,
ஆனால் அது வேறு ஏதோ வண்டியினுடையது.
அப்புறம் உம் மைத்துனர் மகளுக்குக் கல்யாணம்,
அப்புறம் மழை,
அப்புறம் நீர் கல்யாணத்திலிருந்து மீளவில்லை.
ஒவ்வொரு முறையும், நாளை.
உம் வாயில் அது ஒரு கிழமை இல்லை,
ஓர் ஊர்.
யாரும் போய்ச் சேர்ந்திராத ஊர்.

அந்த நாட்களில்
மலைக் கிராமங்களின் ரத்தத்தை மடியில் வைத்துக்கொண்டு
மினிபஸ்ஸில் வந்தேன்.
பனிப்பெட்டிக்குள் முப்பத்தாறு குழாய்கள்,
ஊதா மூடி, சிவப்பு மூடி.
பக்கத்து இருக்கைக்காரர்
பாலாடைக்கட்டியா, கிலோ என்ன விலை என்றார்.
விற்பனைக்கில்லை என்றேன்.
டிரைவர் பிரேக் அடிக்கும்போதெல்லாம்
வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்
யாரோ ஒருவருடைய சர்க்கரையை,
யாரோ ஒருத்தியின் ஐந்தாம் மாதத்தை.

ஒருநாள் சத்தம் போடத்தான் வந்தேன்.
என் எஞ்சினின் தலை உம் மேசையில்
தக்காளிக்கும் உப்புக்கும் நடுவே கிடந்தது.
நாற்காலியைத் துடைத்தீர். ஒயின் ஊற்றினீர்.
குவளையை உயர்த்தி,
"இவள் வால்வுகள் பதினாறும்
பெருவாழ்வு வாழட்டும்" என்றீர்.
சண்டைக்கு வந்த வாய் சிரித்துத் தொலைத்தது.
அந்த ஒரு சிரிப்புக்கு
இன்னும் எட்டு நாள் எடுத்துக்கொண்டீர்.

நாற்பத்து மூன்றாம் நாள்
சாவியோடு ஒரு ஜாம் புட்டியும் தந்தீர்.
உள்ளே ஆறு போல்ட்டு.
"மிச்சம். ஜெர்மன்காரன் எப்போதும் கூடுதலாகப் போடுவான்."
எழுநூறு லரி. எண்ணிக் கொடுத்தேன்.

புகை நின்றிருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.
ஆனால் இரண்டாம் கியரில் ஒரு கிணுகிணு,
மேட்டில் கிணுகிணு,
பள்ளத்தில் டங்.
கிணறு வெட்டினால் பூதம்.
போன் செய்தேன்.
"எஞ்சின் பழகிக்கொள்கிறது, லமாரா."
புது மருமகளா அது, பழகிக்கொள்ள?

ஸெஸ்தபோனி பெட்ரோல் பங்கில்
ஆயில் கம்பியைத் துடைக்கக் குனிந்தபோது கண்டேன்.
பாட்டரிக்கும் சட்டத்துக்கும் இடுக்கில்
பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
பிடியில் நீல நாடா,
உம் பெயரின் முதல் எழுத்து, ஆணியால் கீறியது.
எடுத்தேன்.
கிணுகிணு நின்றது.

அன்று மாலையே உம் குரல்.
"என் பத்தாம் நம்பர் உன் வண்டியில் இருக்கிறதா பார்,
அது இல்லாமல் கை ஓடவில்லை."
இருக்கிறது என்றேன்.
எப்போது கொண்டுவருகிறாய் என்றீர்.
சொல்ல ஒரே ஒரு சொல்தான் இருந்தது.
நாற்பத்து மூன்று நாள்
நீரே எனக்குப் பாடம் செய்வித்த சொல்.

அப்புறம் மழை.
அப்புறம் என் அக்காளுக்குப் பல்வலி.
ஒன்பது நாள் இழுத்தேன்.
இனிப்பாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

நேற்று ரிக்கோத்தி ஏற்றத்தில்
சிவப்பு விளக்கு எரிந்தது.
இறங்கிப் பார்த்தால் தார்மேல் சொட்டுச் சொட்டாக,
தாரைவிடக் கறுப்பாக.
பெட்டியில் நாற்பது குழாய், பனி உருகிக்கொண்டு.
மூன்று பேரை அழைத்தேன்.
இருவர் எடுக்கவில்லை.
நீர் முதல் மணியிலேயே எடுத்தீர்.
பின்னால் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.
"அங்கேயே இரு, வருகிறேன்."
நாளையா என்றேன்.
கொஞ்ச நேரம் பாட்டு மட்டும் கேட்டது.
"ஸ்பேனர் இருக்கிறதா கையில்?"

இருக்கிறது, ஜும்பேர்.
மடியில் பெட்டி,
பெட்டிமேல் அது,
சில்லிட்டுக் கிடக்கிறது.